வேர் குடித்த தண்ணீர் உச்சிக்குப் போவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே ஒரு சமூகத் தோட்டம் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் அங்கே மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தால் யாராவது வந்து ஏதாவது கேட்பார்கள். பாதிப் பேர் வாடிப்போன செடியோடு வருவார்கள். மீதிப் பேர் தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் பிள்ளையின் அறிவியல் தாளோடு வருவார்கள். இரண்டு கூட்டத்துக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்பது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. சொன்னதையே சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைக்கிறேன்.

செடிக்கு இதயம் இல்லை, பம்பும் இல்லை. தண்ணீர் எப்படி மேலே போகிறது?

யாரும் கீழேயிருந்து தள்ளுவதில்லை. மேலேயிருந்து இழுபடுகிறது. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் இந்தப் பக்கத்தில் முக்கால்வாசி தானாக விளங்கிவிடும்.

இலையின் தோலில், பெரும்பாலும் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இலைத்துளை என்று பெயர். செடி உணவு தயாரிக்கக் கரியமில வாயு வேண்டும், அது உள்ளே வர இந்தத் துளை திறந்தாக வேண்டும். ஆனால் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே போகும். இதுதான் நீராவிப்போக்கு. வேர் எடுக்கும் தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் இப்படித்தான் போய்விடுகிறது. செடி தனக்கென்று வைத்துக்கொள்வது மிகக் கொஞ்சம்.

ஒரு பக்கம் நீர் ஆவியாகப் போகப் போக, இலைச் செல்களின் சுவரில் இருக்கும் மிக நுண்ணிய இடுக்குகளுக்குள் நீரின் பரப்பு குழிந்து உள்வாங்குகிறது. அந்தக் குழிவு பின்னால் இருக்கும் நீரை இழுக்கிறது. இலை நரம்பு, காம்பு, கிளை, தண்டு, வேர் என்று இழுப்பு மண் வரைக்கும் இறங்குகிறது. நீர் வரும் பாதைக்கு சைலம் என்று பெயர். அந்தக் குழாய்கள் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே செத்துவிடுகின்றன. செல்லுக்குள் இருந்ததெல்லாம் கரைந்து, தடித்த சுவர் மட்டும் மிஞ்சி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குழாயாகிவிடும்.

நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கட்டடத்தில் மேல்மாடிகளுக்குத் தண்ணீர் ஏற்ற பம்பும் கூரையில் தொட்டியும் வேண்டியிருக்கிறது. ஐந்து வெள்ளி நோட்டின் பின்னால் கிளையை நீட்டிக்கொண்டு நிற்கிறதே, பூமலையின் (சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின்) தெம்புசு மரம், அதற்கு ஒன்றும் வேண்டாம். மலேசியாவின் சபாவில் டானும் பள்ளத்தாக்கில் ஒரு மெராந்தி மரத்தை 2019இல் ஆள் ஏறி அளந்தார்கள்: 100.8 மீட்டர். அதன் உச்சி இலையும் இதே வழியில்தான் தண்ணீர் குடிக்கிறது.

இழுத்தால் தண்ணீர் அறுந்துவிடாதா? அது என்ன கயிறா?

நல்ல கேள்வி. அறிவியலாளர்களும் இதில்தான் நெடுநாள் தடுமாறினார்கள். உறிஞ்சுபம்பை வைத்துக் கிணற்றிலிருந்து நீர் எடுத்தால் சுமார் 10.3 மீட்டருக்கு மேல் ஏறாது. காற்றழுத்தம் அவ்வளவுதான் தாங்கும். பிறகு 100 மீட்டர் மரம் எப்படி?

மழை விட்டதும் துணி காயப்போடும் மூங்கில் கழியைப் பாருங்கள். கழியின் அடியில் துளிகள் வரிசையாகத் தொங்கும். ஒரு துளி கழியை விடாமல் பிடித்திருக்கும். மெல்லக் கழியைச் சாய்த்தால் அது நகர்ந்து பக்கத்துத் துளியைத் தொடும். தொட்டதுதான் தாமதம், இரண்டும் சட்டென்று ஒன்றாகிவிடும். கழியைப் பிடித்துக்கொண்டது வேற்றினக் கவர்ச்சி. துளியும் துளியும் சேர்ந்தது ஓரினக் கவர்ச்சி. மரத்துக்குள் நடப்பதற்கும் இந்த இரண்டு குணங்களே போதும்.

காரணம் மூலக்கூறின் வடிவம். ஓர் ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன், நடுவில் 104.5 பாகைக் கோணம். நேர்கோடாக இல்லாமல் இப்படி வளைந்திருப்பதால் ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் எதிர்மின் தன்மையும் ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்மின் தன்மையும் வந்துவிடுகிறது. ஒன்றின் ஹைட்ரஜன் அடுத்ததின் ஆக்சிஜனை ஈர்க்கும். இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. தனித்தனியாகப் பார்த்தால் பலவீனமான பிடி, நொடிக்குள் கோடிக்கணக்கான முறை விட்டு விட்டுப் பிடிக்கும். ஆனால் கூட்டமாகச் சேர்ந்தால் மெல்லிய குழாய்க்குள் இருக்கும் நீர்க்கம்பி எளிதில் அறாது.

1894இல் டப்ளினில் ஹென்றி டிக்சன், ஜான் ஜோலி என்ற இருவர் இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள். தண்ணீரைக் கயிறு போல இழுக்கலாம் என்பதைப் பலர் நம்பவில்லை. 1965இல் ஷொலாண்டர் என்பவரும் கூட்டாளிகளும் வெட்டிய கிளையை அழுத்தக் கலத்துக்குள் வைத்து, வெட்டுவாயில் நீர் மறுபடி எட்டிப்பார்க்க எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று அளந்தார்கள். அதே அளவு இழுப்பு கிளைக்குள் இருந்தது என்று அர்த்தம். கடலோர அலையாத்தி மரங்களில் அது 30 அட்மாஸ்பியரையும், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தின் 30 மடங்கையும், தாண்டியது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு சொச்சம்தான்.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அது மாதிரி என்று சொன்னால் போதாதா?

பாதி சரி. திரியில் நடப்பது நுண்புழை ஏற்றம். குழாய் எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் ஏறும். 0.05 மில்லிமீட்டர் அகலமுள்ள சைலக் குழாய்க்குக் கணக்குப் போட்டால் 60 சென்டிமீட்டர்கூட முழுதாக வராது. துளசிக்குப் போதும், தூங்குமூஞ்சி மரத்துக்குப் போதாது. ஆனால் இலையின் செல்சுவரில் இருக்கும் இடுக்குகள் இந்தக் குழாயைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறுகலானவை. திரியின் வித்தை அங்கே, உச்சியில், இழுக்கும் கையாக வேலை செய்கிறது.

அப்படியானால் வேர் தள்ளுவதே இல்லையா?

தள்ளும், ஆனால் கொஞ்சமாக, அதுவும் பெரும்பாலும் இரவில். வேர்ச் செல்கள் உப்புகளை உள்ளே சேர்த்துக்கொள்ள, தண்ணீர் அவற்றைப் பின்தொடர்ந்து வருகிறது. இலைத்துளைகள் மூடியிருக்கும் இரவில் அந்த நீர் போக வழியில்லாமல் இலை ஓரத்தில் சொட்டாக வெளிவரும்.

விடியற்காலையில் நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. ஆறரை மணி வாக்கில் தோட்டத்துக்குப் போய்ச் சேம்பு இலையைப் பாருங்கள். நுனியில் ஒரே ஒரு துளி உருண்டு நிற்கும். விழும். சிறிது நேரத்தில் இன்னொன்று ஊறும். பலர் இதைப் பனித்துளி என்கிறார்கள். பனி என்றால் இலை முழுக்கப் படிந்திருக்க வேண்டும். இது நுனியிலும் நரம்பு முடியும் இடத்திலும் மட்டும் நிற்கும், செடி உள்ளேயிருந்து கக்கியது. வாழையை வெட்டினால் அடித்தண்டில் நீர் ஊறி நிற்பதிலும் இதே வேர் அழுத்தத்துக்குப் பங்கு உண்டு.

ஜகதீஷ் சந்திர போஸ் வேறு மாதிரி சொன்னாராமே?

ஆமாம். தண்டுக்குள் இருக்கும் உயிருள்ள செல்கள் துடித்துத் துடித்து நீரை ஏற்றுகின்றன என்று 1923இல் எழுதினார். அவருடைய கருவிகளின் நுட்பம் வியக்க வைப்பது, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது நிலைக்கவில்லை. அதற்கு முன்பே, 1890களில், ஸ்ட்ராஸ்பர்கர் என்ற ஜெர்மானியர் உயரமான மரங்களின் அடியை வெட்டி நஞ்சுக் கரைசலில் நிறுத்தினார். வழியிலிருந்த உயிர்ச்செல்கள் செத்தன. கரைசல் ஏறுவது நிற்கவில்லை. இலைகள் சாகும் வரை ஏறியது.

இத்தனை தண்ணீரைத் தூக்க மரத்துக்கு எவ்வளவு சக்தி செலவாகும்?

மரத்தின் கையிலிருந்து ஏறக்குறைய ஒன்றும் இல்லை. சூரியன் கொடுக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. ஒரு லிட்டர் தண்ணீரை 30 மீட்டர் தூக்க சுமார் 300 ஜூல் வேண்டும். அதே ஒரு லிட்டரை ஆவியாக்க சுமார் 24 லட்சம் ஜூல் வேண்டும். எட்டாயிரம் மடங்கு! ஆவியாக்குவதற்கு வெயில் இவ்வளவு செலவு செய்யும்போது, தூக்குகூலி அதில் சில்லறை.

தூங்குமூஞ்சி மரத்தடியில் ஏன் அவ்வளவு குளிர்ச்சி? நிழல்தானே?

நிழல் மட்டும் என்றால் பேருந்து நிறுத்தத்தின் தகரக் கூரைக்குக் கீழேயும் அதே சுகம் இருக்க வேண்டும். இல்லையே.

நீரை ஆவியாக்க அவ்வளவு வெப்பம் வேண்டும் என்றேன் அல்லவா, அந்த வெப்பம் இலையிலிருந்து போகிறது. ஒரு மரம் பகலில் 100 லிட்டர் ஆவியாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது கொண்டுபோகும் வெப்பம் சுமார் 67 யூனிட். பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிரித்துப் போட்டால், படுக்கையறை ஏர்கான் இரண்டு பகல் முழுக்க ஓடியதற்குச் சமம். மின்கட்டணம் கிடையாது.

ஹைட்ரஜன் பிணைப்புகளை அறுத்தால்தான் நீர் ஆவியாகும், அதனால்தான் இவ்வளவு செலவு. தண்ணீர் சூடாகவும் நேரம் பிடிப்பது அதே காரணத்தால். ஒரு கிராம் நீரை ஒரு பாகை சூடாக்க 4.18 ஜூல் வேண்டும். இலையின் பெரும்பகுதி தண்ணீராக இருப்பதால் ஒரு நொடி வெயில் பட்டதும் அது வெந்துபோவதில்லை.

நம் ஊரில் ஒரு சங்கடம்: காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் நீராவிப்போக்கு மந்தமாகிவிடும். மழை இல்லாத நாளில், பிற்பகலில், ஈரப்பதம் 60 சதவீதம் பக்கம் இறங்கும்போதுதான் மரம் முழு வேகத்தில் இழுக்கும்.

அந்த மரம் ஏன் சாயங்காலம் இலையை மூடுகிறது?

மலாய்க்காரர்கள் அதற்கு வைத்த பெயரே ‘புக்குல் லிமா’, அதாவது ஐந்து மணி. மழை மூட்டம் போட்டாலும் மூடிக்கொள்ளும். இலைக்காம்பின் அடியில் ஒரு சிறிய புடைப்பு இருக்கும். அதன் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேற, பின்னாலேயே தண்ணீரும் வெளியேறும். அந்தப் பக்கம் காற்று இறங்கிய பலூன் போலத் தளர, இலை மடிகிறது. காலையில் தண்ணீர் திரும்ப வரும். தொட்டாற்சிணுங்கியும் இதைத்தான் செய்கிறது, கொஞ்சம் அவசரமாக. இலைத்துளையைத் திறந்து மூடும் காப்புச் செல்களிலும் பொட்டாசியமும் தண்ணீரும்தான் சாவி.

என் கறிவேப்பிலை வாடுகிறது. இன்னும் தண்ணீர் ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். வீட்டு வாசல் தாழ்வாரத்தில் ஒரு கறிவேப்பிலை வைத்திருந்தேன். பொங்கல் சமயம், நாள் முழுக்க மழைத்தூறல். இலை தொங்கியது. பாவம், தாகம் என்று ஒரு குவளை ஊற்றினேன். மறுநாள் இன்னும் தொங்கியது, இன்னொரு குவளை. அடி இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. ஒரு வாரம் கழித்துத் தொட்டியைக் கவிழ்த்தால் வேரெல்லாம் கறுத்து, சாக்கடை வாடை. வேரின் மேல்தோல் விரலோடு உறைபோலக் கழன்று வந்தது. தண்ணீருக்கு நடுவில் தாகத்தில் செத்த செடி அது.

நடந்தது என்ன? வேரும் மூச்சு விடும். மண்ணில் இருக்கும் சிறுசிறு இடைவெளிகளில் காற்று இருக்க வேண்டும். அங்கெல்லாம் தண்ணீர் நிறைந்தால் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். வேர்ச் செல்லின் சவ்வில் தண்ணீர் நுழைவதற்கென்றே புரத வாசல்கள் இருக்கின்றன, அக்குவாபோரின் என்று பெயர். மூச்சு முட்டிய வேரில் இந்த வாசல்கள் மூடிக்கொள்கின்றன. மேலே இலை இழுக்கிறது, கீழே வாசல் பூட்டிக் கிடக்கிறது. பிறகு வாடாமல் என்ன செய்யும்? இந்த வாசலைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பீட்டர் ஆக்ரீ என்ற அறிவியலாளருக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இப்போது நான் செய்வது இதுதான். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுவேன். ஈரம் தட்டினால் விட்டுவிடுவேன். தொட்டியைத் தூக்கிப் பார்த்துக் கனத்தையும் பழகிக்கொண்டேன், காய்ந்த தொட்டி கையில் பஞ்சாக இருக்கும். உச்சி வெயிலில் துவண்டு மாலையில் தானே நிமிர்ந்தால் கவலை வேண்டாம், இழுப்பு வரவை மிஞ்சிய நேரம் அது. காலையிலும் துவண்டிருந்தால்தான் பிரச்சினை. மண் ஈரமாக இருந்தும் அடி இலை மஞ்சளானால், மூழ்கிய வேர் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். வேருக்காக ஒன்று, டெங்கிக் கொசுவுக்காக இன்னொன்று.

உரம் கூடுதலாகப் போட்டால் சீக்கிரம் வளரும் என்று போட்டேன். ஏன் கருகியது?

மாங்காயைக் கீறி உப்புப் போட்டு வைத்தால் ஒரு மணி நேரத்தில் கிண்ணத்தில் தண்ணீர் விட்டிருக்கும். யாரும் பிழியவில்லை. வெளியே உப்பு அதிகம், உள்ளே குறைவு. சவ்வு வழியாக நீர், உப்பு அதிகம் கரைந்திருக்கும் பக்கம் போகிறது. இதுதான் சவ்வூடுபரவல். வழக்கமாக வேருக்குள் கரைசல் அடர்த்தியாக இருக்கும், மண்நீர் உள்ளே வரும். உரத்தை அள்ளிக் கொட்டினால் தொட்டிக்குள் உங்கள் செடி ஊறுகாய் ஆகிறது. நிறையத் தண்ணீர் விட்டு, அடியில் வழிந்தோடும்படி உப்பைக் கழுவிவிடுங்கள். அப்புறம் பாதி அளவு போடுங்கள்.

அப்படியென்றால் கடல்நீரில் நிற்கும் மரங்கள்?

சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் மரப்பாலத்தில் நடந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வந்திருக்கும். கடல்நீர் தன் உப்பால் நீரைப் பிடித்து வைத்திருக்கும் இழுவை சுமார் 25 அட்மாஸ்பியர். அதை வென்றால்தான் வேருக்கு நன்னீர். அதனால்தான் ஷொலாண்டருக்கு அலையாத்தியில் 30க்கு மேல் கிடைத்தது. சுரபுன்னை மரம் பெரும்பாலான உப்பை வேரிலேயே வெளியே நிறுத்திவிடுகிறது. வெண்கண்டல் கொஞ்சத்தை உள்ளே விட்டு, இலை வழியாகக் கக்குகிறது. வெயில் நேரத்தில் அதன் இலையை விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும்.

பயன்படுத்திய நீரைச் சுத்திகரிக்க 2003இல் தொடங்கிய புதுநீர் ஆலைகளிலும், 2005இல் துவாஸில் திறந்த கடல்நீர் ஆலையிலும் நடப்பது எதிர்ச் சவ்வூடுபரவல். சவ்வுக்கு ஒரு பக்கம் அழுத்தம் கொடுத்து நன்னீரை மட்டும் மறுபக்கம் தள்ளுகிறார்கள். அங்கே பம்பு தள்ளுகிறது, இங்கே இலை இழுக்கிறது. சவ்வின் வேலை இரண்டிலும் ஒன்றுதான். தண்ணீருக்குக் கவலைப்படும் இந்தச் சின்ன ஊரில், சுரபுன்னைக்கு ஒரு சிலை வைக்கலாம் என்பது என் கட்சி.

பால்மரத்தில் (ரப்பர் மரத்தில்) வடியும் பாலும் இதே தண்ணீர்தானா?

இல்லை. அது மரக்கட்டையில் இருக்கும் சைலத்திலிருந்து வருவதில்லை. பட்டைக்குள் தனியாக ஓடும் பால்குழாய்களிலிருந்து வருவது. 1877இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் பூமலைக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, கட்டையைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவும் முறையை இங்கேதான் செம்மைப்படுத்தினார். கட்டைக்குள் கத்தி இறங்காததால் நீர்ப்பாதை தப்பித்தது, மரமும் பிழைத்தது.

ஆனால் தண்ணீருக்கு இதில் பங்கு உண்டு. என் பாட்டி ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டினார். இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) ஓட வேண்டும் என்று கதை கதையாகச் சொல்வார். கங்காணியின் கெடுபிடி என்றுதான் நான் நினைத்திருந்தேன். காரணம் மரத்துக்குள்ளும் இருக்கிறது. இரவு முழுக்க இழுப்பு இல்லாததால் செல்களில் தண்ணீர் நிறைந்து, விடியும் முன் பால்குழாய்களில் விறைப்பழுத்தம் உச்சத்தில் இருக்கும். அப்போது கத்தி வைத்தால் பால் சரசரவென்று வழியும். வெயில் ஏறி இலைகள் இழுக்கத் தொடங்கினால் அழுத்தம் இறங்கி, ஓட்டமும் குறைந்துவிடும்.

இளநீர்?

அதுவும் வேர்த் தண்ணீர் நேராக ஏறி நிரம்பியது அல்ல. அது விதையின் உணவுத் திசு, நீர்ம வடிவில். சர்க்கரையோடு அங்கே கொண்டுவந்து சேர்ப்பது புளோயம் என்ற உணவுக்குழாய்.

தண்டின் பட்டையை வளையமாக உரித்தால் என்ன ஆகும் என்று தாளில் கேட்டிருக்கிறார்கள்.

பிள்ளைகளைக் கவிழ்க்கும் கேள்வி. பட்டையோடு உணவுக்குழாய்கள் போய்விடும், உள்ளே இருக்கும் நீர்க்குழாய்கள் தப்பிக்கும். ஆகவே இலைகள் உடனே வாடாது. இலையில் தயாரான சர்க்கரை கீழே இறங்க முடியாமல் வளையத்துக்கு மேலே புடைக்கும். வேர் பட்டினி கிடந்து, பின்னால் செடி சாகும். பதினேழாம் நூற்றாண்டில் மால்பீகி என்ற இத்தாலியர் செய்து பார்த்த சோதனை, இன்றைக்கும் மதிப்பெண் பறிக்கிறது. ‘செடி செத்துவிடும்’ என்று மட்டும் எழுதினால் போதாது. எது போனது, எது மிஞ்சியது என்று எழுதச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்து காட்ட ஏதாவது?

ஈரச்சந்தையில் வெள்ளைச் செவ்வந்தி மூன்று கொத்து வாங்குங்கள். தண்டை நீளவாக்கில் பாதிவரை பிளந்து, ஒரு காலைச் சிவப்புச் சாயத் தண்ணீரிலும் மற்றதை நீலத்திலும் விடுங்கள். சமையல் சாயம் போதும். காலையில் பூ ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம். தண்டைக் குறுக்கே வெட்டினால் சாயம் எல்லா இடத்திலும் பரவியிருக்காது. வட்டமாகச் சிறு புள்ளிகளாகத் தெரியும். அவைதான் நீர்க்குழாய்க் கற்றைகள்.

இன்னொரு கொத்தை மின்விசிறிக்கு முன்னால் வையுங்கள். மூன்றாவதாக ஒன்றைப் பிளாஸ்டிக் பையால் மூடுங்கள். விசிறிக்கு முன்னால் இருந்ததில் நிறம் முந்திக்கொள்ளும், பைக்குள் இருந்தது பின்தங்கும். மூன்றுக்கும் ஒரே அளவு சாயம், ஒரே நீளத் தண்டு. இதைப் பிள்ளை தானாகவே கேட்டால் அறிவியலில் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கிய ரோஜா இரண்டே நாளில் தலை சாய்கிறது.

வெட்டும்போது நீர்க்கம்பி அறுந்து, சைலத்துக்குள் காற்று புகுந்துவிடுகிறது. குமிழ் அடைத்த குழாயில் தண்ணீர் ஏறாது. தண்டைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டே, அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் சாய்வாக வெட்டி, அப்படியே சாடிக்கு மாற்றுங்கள். தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள், கிருமிகளும் குழாயை அடைக்கும். மரங்களிலும் வறட்சியில் இப்படிக் குமிழ் புகுவதுண்டு. குழாய்களுக்கு இடையே உள்ள மெல்லிய சவ்வுகள் அது பரவாமல் தடுக்கும், தண்ணீர் பக்கத்துக் குழாய் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும்.

தேக்காவில் (லிட்டில் இந்தியா வட்டாரத்தில்) வாங்கும் மல்லிகைச் சரத்துக்கு இந்த வைத்தியம் பலிக்காது, அதற்குத் தண்டே இல்லை. வரவு பூஜ்யம், எனவே செலவைத்தான் குறைக்க வேண்டும். பூக்காரர் தண்ணீர் தெளித்து வாழையிலையில் சுற்றித் தருவது அதற்குத்தான். மெழுகு பூசிய அந்த இலைக்குள் காற்று ஈரமாகவே இருக்கும், பூவிலிருந்து ஆவி போக மனம் வராது.

கறிவேப்பிலையை ஃப்ரீசரில் வைத்தால் ஏன் துவண்டுபோகிறது?

பெரும்பாலான பொருட்கள் உறைந்தால் சுருங்கும். தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும். ஹைட்ரஜன் பிணைப்புகள் மூலக்கூறுகளை இடைவெளிவிட்டு அடுக்கிவிடுவதால்தான் பனிக்கட்டி மிதக்கிறது. இலைக்குள் பனிப்படிகம் வளர்ந்தால் செல் சவ்வுகள் கிழியும். வெளியே எடுத்து இளகியதும் விறைப்பு நிற்காது. வாசனை மிஞ்சும், குழம்புக்கு அது போதும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதே, ஓர் இரவு திறந்து வைத்து ஊற்றலாமா?

தேவையில்லை. இங்கே குழாய்நீரில் இருப்பது குளோரமின், அது ஓர் இரவில் எளிதாகப் பறந்துபோகாது. அந்த அளவு செடிக்குக் கெடுதலும் செய்யாது. வாளியைத் திறந்து வைத்தால் கொசுதான் வரும்.

உச்சி வெயிலில் ஊற்றினால் துளி கண்ணாடியாகி இலையைக் கருக்குமா?

வழவழப்பான இலையில் அப்படிக் கருகாது. ஆனால் அந்த நேரத்தில் ஊற்றுவதில் ஒரு பங்கு மண்ணிலிருந்தே ஆவியாகும். காலையில் ஊற்றுங்கள்.

ஆர்க்கிட் மண்ணே இல்லாமல் தொங்குகிறது. அது எதைக் குடிக்கிறது?

மழையையும் நாம் தெளிக்கும் நீரையும். வாண்டா போன்றவை பகலில் இலைத்துளையை மூடிவைத்து, இரவில் திறந்து கரியமில வாயுவைச் சேமிக்கின்றன. வெயிலில் கதவைத் திறக்காததால் செலவு குறைவு. வேரைச் சுற்றி இறந்த செல்களாலான ஒரு பஞ்சுறை இருக்கும். காய்ந்திருக்கும்போது அதற்குள் காற்று இருப்பதால் வேர் வெள்ளி நிறத்தில் தெரியும். தண்ணீர் தெளியுங்கள்: சில நொடிகளில் உறை நீரால் நிரம்பி, கண்ணாடிபோல் ஆகி, உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரியும். எவ்வளவு ஊற்றுவது என்று ஆர்க்கிட்காரர்கள் என்னிடம் கேட்க வேண்டியதே இல்லை. வேர் வெள்ளையாக இருந்தால் தெளியுங்கள், பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள்.